சுடுதண்ணியில் கழன்ற பெயாரிங்: வளவுக்குள் பாரமான இயந்திரம் திருத்தத் தொடங்குபவர்களுக்கு

நான் முதன்முதலாகப் பெயாரிங் (தண்டைச் சுழலவிடும் குண்டு வளையம்) கழற்றிய நாளில் இறைப்பு மெஷினின் மூடி இரண்டாகப் பிளந்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் விடவேண்டிய காலை. பக்கத்துத் தோட்டங்களில் மெஷின் சத்தம், எங்கள் கிணற்றடியில் மட்டும் சுத்தியல் சத்தம். இரண்டு இறாத்தல் சுத்தியலால் ஒரு மணித்தியாலம் அடித்திருப்பேன். பெயாரிங் அசையவில்லை. அது இருந்த அலுமினிய மூடிதான் உடைந்தது. பெரியப்பா வந்து பார்த்தார், திட்டவில்லை.

"தம்பி, உதுக்குள்ள ஒரு கிளிப் கிடக்கு, கண்டனியோ?"

நான் காணவில்லை. பிறகு பழைய மெஷின் ஒன்றிலிருந்து வேறு மூடி கிடைத்தது. அதிலும் பெயாரிங் இறுகித்தான் இருந்தது. பெரியப்பா கிளிப்பைக் கழற்றினார். மூடியைச் சோற்றுப் பானைக்குள் போட்டுக் கொதிக்கவைத்தார். குறட்டால் தூக்கி, வேப்பங்கட்டையின் மேல் ஒரு தட்டு. பெயாரிங் பொத்தென்று விழுந்தது.

2022 இல் இலங்கையில் டொலர் தட்டுப்பாடு வந்து உதிரிப்பாக விலை ஏறியபோது, கராஜுக்குக் கொண்டுபோகும் வேலையில் பாதியை வீட்டிலேயே பார்க்கலாம் என்று பலர் இறங்கினார்கள். அப்பாவின் லான்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு மெஷினை) இப்போதுதான் பொறுப்பெடுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. உடைத்து உடைத்துப் பழகிய தோட்டக்காரன்.

வண்டில் சில்லு சொல்லும் கணக்கு

மரவண்டில் சில்லுக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சில்லைவிடக் கொஞ்சம் சின்னதாகப் பட்டையைச் செய்வார்கள். நிலத்தில் கிடத்திச் சுற்றிவர எரித்துப் பழுக்கவைப்பார்கள். மூன்று நாலு பேர் குறட்டால் தூக்கிச் சில்லில் போட்டவுடன் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிரும் இரும்பு மரத்தை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். கியர் பெட்டிக்குள்ளும் பம்முக்குள்ளும் பெயாரிங் இருப்பது இதே பிடியில்தான். போட்டபோது எந்த வித்தியாசத்தால் இறுகியதோ, அதே வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தால் விட்டுவிடும்.

1 மீற்றர் இரும்பு 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் நீளும். வார்ப்பிரும்பு 1.1 அளவில் நீளும். அலுமினியம் 2.3. இந்த மூன்று இலக்கத்தையும் கொட்டில் கதவின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

6205 என்று இலக்கம் குத்திய பெயாரிங்கை எடுப்போம். உள் துளை 25 மில்லிமீற்றர், வெளி விட்டம் 52. அலுமினிய மூடியோடு சேர்த்து அதைக் கொதிநீருக்குள் போட்டால், 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு 70 பாகை ஏறும். மூடியின் குழி 0.08 மில்லிமீற்றர் பெருக்கும். பெயாரிங்கும் சூடாகி 0.04 பெருக்கும். வித்தியாசம் 0.04. ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவுதான், ஆனாலும் இப்படிப்பட்ட இறுக்கம் பெரும்பாலும் 0.01 முதல் 0.03 வரைதான் இருக்கும். அதனால்தான் சோற்றுப் பானை போதும்.

இதே பெயாரிங் வார்ப்பிரும்புக் கியர் பெட்டிக்குள் இருந்தால் கதை வேறு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும். ஆறுதலாகச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து பெருத்து, பிடி அப்படியே இருக்கும். அங்கே வெளிப்பக்கத்தை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும். பெயாரிங்கின் நடுவில் பிழிந்த ஈரச் சீலையை வைத்து அதைக் குளிராக வைத்திருக்க வேண்டும். ஆகவே நெருப்பைக் கையில் எடுக்க முதல் கேட்கவேண்டியது ஒன்றுதான்: எது விரிய வேண்டும், எது விரியக் கூடாது? இதற்குப் பதில் தெரியாவிட்டால் நெருப்பு மூட்டாதீர்கள்.

எங்கே வைத்துச் செய்வது

கிடுகு வேலியும் பனையோலை வேலியும் உள்ள வளவில் இது சின்னக் கேள்வி இல்லை. சோழகம் அடிக்கும் மாதங்களில் ஒரு பொறி போதும், ஒழுங்கை முழுக்கப் போய்விடும். வேலியிலிருந்து, வைக்கோலிலிருந்து, மெஷினுக்கு வைத்திருக்கும் மண்ணெண்ணெய்க் கானிலிருந்து நன்றாகத் தள்ளி, வெறும் நிலத்தில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி காய்ந்த மணல். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல்தான். கண்ணாடி, தோல் சப்பாத்து, பருத்திச் சட்டை. நைலோன் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். சாரத்தோடு புளோ ரோச் பிடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். வேண்டாம்.

கை சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாமல் டாக்டரிடம் போங்கள்.

மேசை வேண்டுமென்றால், நல்ல வைரமான பனங்குற்றி ஒன்றை அரை அடி மண்ணுக்குள் தாட்டு நிறுத்துங்கள். அடியின் அதிர்ச்சியை வாங்கும், பாகமும் துள்ளாது. சீமெந்து நிலத்தில் வைத்து அடித்தால் நிலமும் போகும், பாகமும் போகும்.

வெப்பம் எங்கிருந்து, அளப்பது எப்படி

மிகப் பாதுகாப்பானது கொதிநீர். எவ்வளவு எரித்தாலும் 100 பாகையைத் தாண்டாது. அலுமினிய வேலைகளில் பாதி இதிலேயே முடியும்.

அடுத்தது காஸ் ரோச். வெளிச்சம் அடிக்கும் ரோச் இல்லை, சின்னக் கானின் மேல் பூட்டி நெருப்பு ஊதுவது. நட்டு, புளி (பெல்ட் ஓடும் சில்லு), சின்ன மூடி ஆகியவற்றுக்கு நல்லது. பெரிய வார்ப்பிரும்புக்கு இது கடலில் கரைத்த பெருங்காயம்தான். நீங்கள் கொடுக்கும் சூட்டை அந்த இரும்பு முழு உடம்புக்கும் பகிர்ந்துவிடும். பாரமான துண்டுக்குச் சிரட்டைக்கரி அடுப்புத்தான் சரி. நிலத்தில் ஒரு குழி, காற்றுக்கு ஒரு பைப், ஊதுவதற்குப் பழைய காற்றாடியோ துருத்தியோ. கொல்லன் உலையின் சின்னத் தம்பி என்று வையுங்கள். வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரை ரெகுலேற்றர் இல்லாமல் நேரே இழுத்துப் பாவிக்கும் வித்தையை யாராவது காட்டினால், எழும்பிப் போய்விடுங்கள். ஒக்சிசன் அசற்றலீன் வெல்டிங் பட்டறைக்காரரின் வேலை. அதை வீட்டில் பழக வேண்டாம்.

அளப்பதற்குத் தண்ணீர்த் துளி போதும். ஒரு துளி தெறித்தால் பேசாமல் இருக்கிறதா, நூறுக்குக் கீழே. உஸ்ஸென்று கொதித்துப் போகிறதா, நூறைத் தாண்டிவிட்டது. முத்துப்போல உருண்டு ஓடுகிறதா, 200 பாகைக்குக் கிட்ட வந்துவிட்டது, பெயாரிங் வேலைக்கு எல்லை கடந்துவிட்டது. தூரத்திலிருந்து பிடித்துப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் நல்லது. மினுங்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும். கறுப்பு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து அந்தப் பொட்டில் பிடியுங்கள். கொரோனாக் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தது இதற்கு உதவாது, அது காய்ச்சல் பார்க்க மட்டும்.

அலுமினியத்தில் கவனம். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து, 660 பாகைக்குக் கீழேயே திடீரென்று கஞ்சியாகிவிடும். ரோச் பிடிக்கும் இடத்தில் சவர்க்காரக் கட்டியால் ஒரு கோடு கீறுங்கள். கோடு மண்ணிறமாகிக் கறுத்தால் தேவைக்கு மிக மேலே போய்விட்டீர்கள், உடனே நிறுத்துங்கள்.

ஒரு பெயாரிங், தொடக்கம் முதல் முடிவு வரை

மூடியைக் கழற்றியவுடன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பின்னேரம் ஞாபகம் இருக்காது. பிறகு மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய வேண்டும், இனி நெருப்பு வரப்போகிறது. ஒயில் சீல் என்ற, ஒயில் கசியாமல் தடுக்கும் றபர் வளையத்தைக் கிளப்பி எடுத்து எறியுங்கள். சூட்டுக்கு அது தாங்காது, எப்படியும் புதிது போடத்தான் வேண்டும்.

இப்போது கிளிப். பெயாரிங்கின் ஓரத்தில், குழிக்குள், கிறீஸும் துருவும் மூடிய ஒரு மெல்லிய வளையம் இருக்கும். ஊசியால் சுற்றிவரக் கிண்டிப் பாருங்கள். கிளிப் குறடு இல்லையென்றால் பழைய கூர்மூக்குக் குறட்டின் நுனியை அரத்தால் தேய்த்துக் கிளிப்பின் ஓட்டைக்குள் போகும் அளவுக்கு எடுக்கலாம். கழற்றும்போது ஒரு கையால் சீலையைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். அந்த வளையம் துள்ளினால் ஒன்றில் கண், இல்லாவிட்டால் கிணறு.

மூடி அலுமினியமென்றால் பானைக்குள் போட்டு, கொதித்த பிறகு 15 நிமிடம் விடுங்கள். தூக்கி, பெயாரிங் கீழ்ப்பக்கம் பார்க்க, குற்றியின் மேல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தட்டையாகத் தட்டுங்கள். இரண்டு தட்டில் விழாவிட்டால் அடிக்க வேண்டாம், திரும்பப் பானைக்குள். சூடு ஆறியபின் அடிக்கிற ஒவ்வொரு அடியும் மூடிக்குத்தான் போகும்.

வார்ப்பிரும்பென்றால் வெளிச்சுற்றில் ரோச்சை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் பெருத்து வெடிப்பு விழும். துளி உஸ்ஸென்றவுடன் நிறுத்தி, பின்னாலிருந்து தட்டுங்கள். பின்பக்கம் அடைத்த குழியாக இருந்து, பெயாரிங் உடைந்து வெளிவளையம் மட்டும் உள்ளே மாட்டியிருந்தால் அழகான ஒரு வழி உண்டு. அந்த வளையத்தின் உள்பக்கத்தைச் சுற்றி வெல்டிங்காரரைக்கொண்டு ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கி வளையத்தையும் சேர்த்து இழுத்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்தால் விரலால் எடுக்கலாம். நான் முதலில் நம்பவில்லை.

புதிதைப் போடுவது இதன் மறுபக்கம். பெயாரிங்கை ஈரம் புகாதபடி பொலித்தீனில் சுற்றி, முதல் நாளே பிறிட்ஜின் ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். மைனஸ் 18 பாகையில் 52 மில்லிமீற்றர் விட்டம் ஏறக்குறைய 0.03 குறையும். பாரை மீனுக்குப் பக்கத்தில் பெயாரிங்கைக் கண்ட அம்மா என்ன சொன்னா என்பதை இங்கே எழுத முடியாது. மூடி பானையிலிருந்து வந்தவுடன் துடைத்துவிட்டு, ஐஸ்பெட்டியிலிருந்து வந்ததைச் சரிவில்லாமல் விடுங்கள். சறுக்கிப் போய் இருக்கும். சூடு பரவி இறுக முன்னர் உங்களுக்கு இருப்பது சில விநாடிகள்தான், அதனால் சுத்தியலையும் குழாயையும் முதலே கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

குழாய் எதற்கு? பெயாரிங் அரைவாசியில் நின்றுவிட்டால் தட்டிப் போட. இங்கேதான் புதியவர்கள் புதுப் பெயாரிங்கையே சாகடிக்கிறார்கள். மூடிக்குள் போகும்போது இறுகுவது வெளிவளையம், ஆகவே அடி வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். தண்டில் ஏற்றும்போது இறுகுவது உள்வளையம், அடி அங்கே மட்டும். தவறான வளையத்தில் அடித்தால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு கிழமையில் அழத் தொடங்கும். இதற்குச் சரியான ஆயுதம், கழற்றிய பழைய பெயாரிங்கின் வளையம்தான். கிரைண்டரில் வெளிச்சுற்றைச் சாடையாகத் தேய்த்து எடுத்தால் அளவு தானே சரியாக இருக்கும். தண்டுக்கென்றால் வாய் தட்டையாக வெட்டிய இரும்புப் பைப் துண்டு. தட்டும்போது காதைத் தீட்டுங்கள். அடிமட்டத்தில் போய் இருந்தவுடன் டொக் டொக் என்ற சத்தம் ணங்கென்று மாறும். அதற்கு மேல் ஓர் அடியும் வேண்டாம்.

தண்டில் ஏற்றப் பெயாரிங்கைச் சூடாக்குகிறீர்களா? 110 பாகை போதும். றபர் மூடி போட்டு உள்ளே கிறீஸ் அடைத்து வருவதென்றால் 80 ஐத் தாண்ட வேண்டாம். பழைய 100 வாட் குமிழ் மின்விளக்கு எங்காவது மிஞ்சியிருந்தால், தகர டின்னுக்குள் அதை எரியவிட்டு மேலே பெயாரிங்கை வையுங்கள். ஆறுதலாக, சீராகச் சூடாகும். நேரே ரோச் பிடிப்பதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

இழுப்பான் செய்வது

இறுகிய பாகத்தைத் தண்டிலிருந்து இழுத்துக் கழற்றுவது இழுப்பான். கடையில் வாங்கும் மூன்று கால் இழுப்பான் பல இடங்களுக்குப் பிடி கொடுக்காது. அரை அங்குலத் தடிப்பில் ஒரு சாண் நீளத் தட்டை இரும்பு, நடுவில் ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை. நடு ஓட்டையில் பெரிய நட்டு ஒன்றை வெல்டிங் பண்ணி, அதில் நீளப் போல்ட் ஒன்றைத் திருகுங்கள். அதுதான் தள்ளும். பக்க ஓட்டைகளால் போகும் போல்ட்கள் இழுக்கும். லொறியின் வில்லுத் தகடு கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். கத்திக்கும் நெம்புகோலுக்கும் அருமையான இரும்பு, ஆனால் ஓட்டை போடப் பின்னேரமாகும்.

போல்ட்டின் தலையைப் பாருங்கள். பலத்தின் தரம் 8.8 அல்லது 10.9 என்று குத்தியிருக்க வேண்டும். கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் நூல் வெட்டிய கம்பி மெதுவானது, இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். உடைந்த ரக்டரிலிருந்து கழற்றிய போல்ட் எனக்குத் தங்கம்.

உதாரணத்துக்கு லான்ட்மாஸ்டர் எஞ்சினின் பறப்புச் சில்லு (பிளைவீல்). சரிவான தண்டில் குத்தி இறுகியிருக்கும், ஒருவர் தூக்கத் திணறும் பாரம். நடு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்கக் கழற்றாதீர்கள். நாலைந்து சுற்று நூலில் நிற்கட்டும். பிடி விடும்போது சில்லு ஓர் அதிர்வோடு வெளியே பாயும், நட்டுத்தான் அதை நிறுத்தும். இழுப்பானைப் பூட்டி நன்றாக இறுக்குங்கள். இறுகியதும் நடுப் போல்ட்டின் தலையில் நேராக, கூர்மையாக ஒரே ஓர் அடி. விடாவிட்டால் இன்னும் கால் சுற்று, இன்னோர் அடி. அப்பவும் விடாவிட்டால் சில்லின் குடத்தைச் சுற்றி ஒரு நிமிடம் ரோச். பின்னால் ஒயில் சீல் இருக்கிறது, அதனால் அளவோடு. பிறகு சாக்கு ஒன்றைப் போட்டு மூடிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போங்கள். இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. இறுக்கத்தில் விட்ட சில்லு சில நேரம் ஆளில்லாத நேரத்தில்தான் டக்கென்று விடும். எப்படியும் அதற்கு நேரெதிரே நிற்காதீர்கள்.

போத்தல் ஜக்கை அழுத்துகருவியாகப் பாவிப்பவர்கள் உண்டு. 10 தொன் ஜக் என்றால் உண்மையிலேயே 10 தொன் தள்ளும். இரண்டு மரத்துக்கு இடையில், ரக்டருக்குக் கீழே, கதவு நிலைக்குள் வைத்தெல்லாம் அழுத்த வேண்டாம். சரியான சட்டம் வெல்டிங் பண்ணியிருந்தால் மட்டும். இடையில் வைக்கும் துண்டு வார்ப்பிரும்பாக இருக்கக் கூடாது. அது வளையாது, வெடித்துப் பறக்கும்.

இறுகிய நட்டும் முறிந்த போல்ட்டும்

பைப் போட்டு ஸ்பானரை நீட்டும் பழக்கம் எல்லோரிடமும் உண்டு. கணக்கைப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் 8.8 போல்ட் ஒன்றை இறுக்கச் சொல்லப்படும் அளவு ஏறக்குறைய 80 நியூட்டன் மீற்றர். 70 கிலோ ஆள் ஒரு மீற்றர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் அது 690 ஐ நெருங்கும். எட்டு மடங்குக்கு மேல். முறியாமல் என்ன செய்யும்?

வெளியே தெரியும் நூலைக் கம்பிப் பிரஷால் தேயுங்கள். துரு ஒயில் தெளித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் முதலில் சாடையாக இறுக்கிப் பாருங்கள், கழற்றும் பக்கம் இல்லை. அந்த மயிரளவு அசைவில் துரு உடையும். அசையாவிட்டால் ஒயிலை முழுக்கத் துடைத்துவிட்டு நட்டைச் சூடாக்குங்கள், போல்ட்டை இல்லை. நட்டு வெளியே இருப்பது, அதுதான் விரிய வேண்டும். சூடாக இருக்கும்போதே நூலின் வாயில் மெழுகுதிரியைப் பிடியுங்கள். உருகிய மெழுகு நூலிடுக்கால் உள்ளே இழுபட்டுப் போகும். பிறகு முன்னும் பின்னுமாக, கால் சுற்றுக் கால் சுற்றாக. கடற்கரைப் பக்கம், யாழ்ப்பாணத்துக் குருநகர், மயிலிட்டிப் படகுகளின் மோட்டரில், அலுமினியத்துக்குள் எவர்சில்வர் போல்ட் வெள்ளைத் தூளால் இறுகியிருக்கும். அங்கே சூடு அலுமினியத்துக்கு.

முறிந்து உள்ளே நின்ற போல்ட்டுக்கு அதன் தலையில் ஒரு நட்டை வைத்து நடுவால் வெல்டிங் பண்ணுவதுதான் நான் அறிந்த நல்ல வழி. பற்றறி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். சிவப்பு மறைந்த பிறகு, ஆனால் சூடு இருக்கும்போதே திருப்ப வேண்டும். இரண்டு மூன்று தடவை நட்டு மட்டும் கழன்று வரலாம், திரும்ப ஒட்டலாம்.

சூடு கெடுக்கும் சாமான்கள்

கடினமாக்கிய உருக்கைச் சூடாக்கினால் அது நிறத்தில் சொல்லும். வைக்கோல் மஞ்சள் வந்தால் 220 பாகை, நீலம் வந்தால் 300. கியர்ப் பல்லில் நீலம் பார்த்தால் அந்தக் கியரின் ஆயுள் போய்விட்டது. சிவக்கச் சூடாக்கிய 8.8 போல்ட், வில், கொக்கி ஊசி எதையும் திரும்பப் பூட்ட வேண்டாம். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து அடுத்த நாள் எடுங்கள்.

இனிக் கீழே உள்ளவை கெஞ்சியாவது தடுக்கவேண்டியவை. ரயர் பூட்டிய றிம்மில் நெருப்போ வெல்டிங்கோ வேண்டாம். காற்றைத் திறந்துவிட்டாலும் வேண்டாம். உள்றபர் கருகி வரும் வாயு பற்றிக்கொண்டால் குண்டுதான். ரயரை முழுக்கக் கழற்றிய பிறகே தொட வேண்டும். டீசல் தாங்கி, வெறும் பீப்பா, இரண்டு பக்கமும் அடைத்த பைப், ஹைட்ரோலிக் சிலிண்டர் எதையும் சூடாக்காதீர்கள். துத்தநாகம் பூசிய பைப்பின் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு காய்ச்சல் வரும். பிரேக் கழுவும் ஸ்பிறே அடித்த இடத்தில் காயாமல் நெருப்புப் பிடித்தால், அதில் குளோரின் சேர்ந்த வகைகள் நச்சு வாயுவாகும்.

எங்கள் மண்ணுக்கு மட்டும் உரிய ஒன்றும் உண்டு. பழைய இரும்புக் குவியலில் கருவி தேடும்போது, என்னவென்று தெரியாத உருளை, மூடிய குழாய், செட்டை வைத்த துண்டு கண்டால் கையால் தொடாதீர்கள், உலைக்குள் போடவே வேண்டாம். 2009 இற்குப் பிறகும் பல வருடங்கள் கண்ணிவெடி அகற்றிய மண் இது. பொலிசுக்கு அறிவித்துவிட்டுப் பிள்ளைகளை விலக்கி நில்லுங்கள்.

போர் நடந்த தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் இறைப்பு மெஷினும் ஓட்டியவர்கள் நாங்கள். அந்தக் கெட்டித்தனம் உண்மை. அதே காலத்தில் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கி எத்தனை எஞ்சினைத் தின்றது என்பதும் உண்மை. வேறு வழியில்லாதபோது செய்த வேலையை, வழி இருக்கும்போதும் பெருமைக்காகச் செய்ய வேண்டியதில்லை. எஞ்சின் தலை, ஊசிப் பம் (டீசலைப் பீச்சும் பம்), தண்டு நிமிர்த்துதல் மூன்றையும் நான் இன்றும் கராஜுக்குத்தான் கொண்டுபோகிறேன்.

பூட்டிய பிறகு

மூடி முழுக்க ஆறட்டும். சூட்டோடு போல்ட்டை இறுக்கினால் ஆறியதும் தளரும். புது ஒயில் சீலின் உதட்டில் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள், காய்ந்த சீல் முதல் சுற்றிலேயே கிழியும். கிளிப் அதன் பள்ளத்துக்குள் முழுக்க இருக்கிறதா என்று ஊசியால் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ண முதல் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் இடறினால் பெயாரிங் சரிந்து நிற்கிறது, திரும்பக் கழற்றவேண்டியதுதான்.

இடறாவிட்டால் பம்முக்குத் தண்ணீர் வார்த்து ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பெயாரிங் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். வைத்தபடி இருக்க முடிந்தால் சரி. சுட்டுக் கையை எடுத்தால் கிறீஸ் கூடிவிட்டது, அல்லது பெல்ட் இறுகிவிட்டது. பெல்ட்டை முதலில் பாருங்கள். பிறகு எல்லாப் போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, வாய்க்காலைத் திறந்துவிடுங்கள்.